செல்லுக்குள் நுழையும் ஒட்டுண்ணிகள்: புரதங்கள் செய்யும் வேலை

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் மனித இரத்தத்தில் செல்லுக்கு வெளியே இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, தொற்றுக்குள்ளான சிவப்பணுக்கள் வெடிக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் 16 முதல் 32 வரையிலான மீரோசோயிட்டுகள் வெளியே வருகின்றன. மீரோசோயிட்டு என்பது ஒட்டுண்ணியின் நுழையும் பருவம். நீளம் ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர். உட்கரு கொண்ட செல்களில் இதைவிடச் சிறியவை அரிது. புதிய சிவப்பணுவைத் தொட்டதும் அது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுகிறது. சில நிமிடங்கள் தாமதித்தால் நுழையும் திறனையே இழந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் 26 கோடிக்கும் அதிகமான மலேரியா நோய்நிகழ்வுகள் ஏற்பட்டன. ஏறக்குறைய 6 லட்சம் பேர் இறந்தனர். அவ்வளவு நோய்க்கும் நடுவில் இருப்பது, உடலுக்குள் திரும்பத் திரும்ப நடக்கும் இந்த ஒரு நிமிட வேலைதான்.

சிவப்பணு எதையும் விழுங்கும் செல் அல்ல. அதற்கு உட்கரு இல்லை. வெளியிலிருந்து துகள்களை உள்வாங்கும் அமைப்பும் இல்லை. ஆகவே அதற்குள் போக நினைக்கும் உயிரி தன் சொந்த முயற்சியால்தான் போக வேண்டும். ஒருசெல் ஒட்டுண்ணிகள் எல்லாவற்றுக்கும் இந்த நிலை இல்லை. காலா அசார் என்னும் கருங்காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா, விழுங்குவதையே தொழிலாகக் கொண்ட மேக்ரோஃபேஜ் செல்லைத் தேர்ந்தெடுக்கிறது. (1903-இல் வில்லியம் லீஷ்மேனும், சென்னையில் பணிபுரிந்த சார்லஸ் டோனவனும் தனித்தனியே கண்டறிந்து அறிவித்த உயிரி இது, லீஷ்மேனியா டோனவானி என்ற பெயரில் இருவரும் இருக்கிறார்கள்.) அதன் மேற்பரப்பில் உள்ள ஜிபி63 என்ற புரதம் இரத்தத்தின் நிரப்புப் புரதங்களை வெட்டி, ஒட்டுண்ணியைக் கொல்லாத வடிவுக்கு மாற்றுகிறது. அப்படி மாறிய துண்டை மேக்ரோஃபேஜின் ஏற்பி பற்றிக்கொள்ள, செல் ஒட்டுண்ணியை விழுங்குகிறது. லீஷ்மேனியாவுக்குத் தேவைப்படுவது விழுங்கப்பட்ட பின் செரிக்கப்படாமல் பிழைக்கும் திறமை மட்டுமே.

தென் அமெரிக்காவின் சாகஸ் நோய்க்குக் காரணமான டிரிப்பனோசோமா குரூசி இடைவழி ஒன்றைப் பிடிக்கிறது. அதன் மேற்பரப்புப் புரதங்கள் விருந்தோம்பி செல்லுக்குள் கால்சியம் அளவை உயர்த்துகின்றன. செல் தன் சவ்வில் காயம் பட்டதாக எடுத்துக்கொண்டு, லைசோசோம்களை அந்த இடத்துக்கு அனுப்புகிறது. காயத்தை அடைக்க வந்த சவ்வே ஒட்டுண்ணிக்கு உறையாகிவிடுகிறது. இங்கும் உழைப்பில் பெரும்பகுதி விருந்தோம்பியுடையது.

பிளாஸ்மோடியம் சேர்ந்துள்ள ஏபிகாம்பிளெக்சா தொகுதி இந்த இரண்டு வழிகளையும் விட்டது. மலேரியா ஒட்டுண்ணியைத் தவிர, பூனை வழியே பரவும் டாக்சோபிளாஸ்மா, உண்ணிகள் பரப்பும் பபீசியா ஆகியவையும் இதில் அடங்கும். இவற்றின் செல்லுக்கு ஒரு முனை உண்டு. அந்த முனையில் இருவகைச் சுரப்புப் பைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன: சிறியவை மைக்ரோனீம்கள், குமிழ்போல் பருத்து, கழுத்து நீண்டவை ராப்ட்ரிகள். அடர்துகள்கள் எனப்படும் மூன்றாம் வகைப் பைகள் நுழைந்த பிறகே பயன்படுகின்றன. நுழைவுக்கான புரதங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு இந்தப் பைகளில் காத்திருக்கின்றன. எந்தப் பை எப்போது திறக்கிறது என்பதே நுழைவின் வரிசையைத் தீர்மானிக்கிறது.

இந்த வரிசை தெரியவந்தது 1970-களில். 1975-இல் ஜேம்ஸ் டிவோரக், லூயி மில்லர் முதலியோர் குரங்கு மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் நோலெசி சிவப்பணுவுக்குள் நுழைவதை நுண்நோக்கியின் கீழ் படமெடுத்தார்கள். மீரோசோயிட்டு முதலில் எந்தப் பக்கத்தாலோ ஒட்டியது. சிவப்பணு குலுங்கி நெளிந்தது. ஒட்டுண்ணி திரும்பி முனையைச் சவ்வின்மேல் வைத்தது. பிறகு உள்ளே சென்றது. அடுத்த ஆண்டு வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் ஃபால்சிபாரத்தைக் கண்ணாடிக் குடுவையில் தொடர்ந்து வளர்க்கும் முறையைக் கண்டனர். அது இல்லாமல் இத்துறையின் பிற்கால வேலைகளில் பெரும்பாலானவை சாத்தியப்பட்டிருக்காது. 1978-இல் மசாமிச்சி ஐகாவாவும் உடன் ஆய்வாளர்களும் எலக்ட்ரான் நுண்நோக்கியில் ஒட்டுண்ணிக்கும் சிவப்பணுவுக்கும் இடையே இறுக்கமான வளையம் ஒன்றைக் கண்டார்கள். முதலில் முனையில் இருந்த வளையம், ஒட்டுண்ணி உள்ளே போகப் போகப் பின்னோக்கி நகர்ந்து கடைசியில் வால்முனைக்கு வந்தது. ‘நகரும் சந்தி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த வளையம் எதனால் ஆனது என்று தெரிய மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

நுழைவுக்கான ஆயத்தம் வெளியேறும்போதே தொடங்கிவிடுகிறது. பழைய சிவப்பணுவுக்குள் முதிர்ந்த ஒட்டுண்ணிகளில் சைக்ளிக் ஜிஎம்பி சார்ந்த கைனேஸ் நொதி முதலில் விழிக்கிறது; அதைத் தொடர்ந்து கால்சியம் உயர்கிறது. சப்-1 என்ற புரத வெட்டு நொதி வெளியிடப்பட்டு, மீரோசோயிட்டின் மேற்பரப்பை மூடியிருக்கும் எம்எஸ்பி-1 என்ற பெரும் புரதத்தைத் துண்டுகளாக வெட்டுகிறது. துண்டுகள் பிரிந்துவிடாமல் ஒன்றையொன்று பற்றியபடியே இருக்கின்றன. இந்த வெட்டு நடக்காத ஒட்டுண்ணி சரிவர வெளியேறுவதில்லை. அதே கால்சியம் ஏற்றம் மைக்ரோனீம்களையும் திறந்து, அவற்றின் புரதங்களை முனைப்பகுதியின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. வெளியே வரும் மீரோசோயிட்டு ஏற்கெனவே நுழையத் தயாரானது.

முதல் ஒட்டு பலவீனமானது, எளிதில் விட்டுவிடக்கூடியது. எம்எஸ்பி-1 முதலிய மேற்பரப்புப் புரதங்களே இதற்குப் பொறுப்பு என்பது நெடுங்கால எண்ணம். ஹெப்பரின் சேர்த்தால் இந்தப் படியிலேயே நுழைவு நின்றுவிடுகிறது. இருந்தாலும் இந்த ஒட்டில் யார் எதைப் பிடிக்கிறார்கள் என்பது அடுத்த படிகளைப் போலத் தெளிவாக விளக்கப்பட்டதில்லை.

அடுத்த படியைப் பற்றி அறிந்தது ஏராளம். அந்த அறிவின் தொடக்கம் ஒரு பழைய மருத்துவப் புதிர். மேற்கு ஆப்பிரிக்கப் பூர்வீகம் உடைய பலருக்குப் பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் மலேரியா வருவதில்லை. அதே மக்களின் சிவப்பணுக்களில் டஃபி என்ற இரத்தவகைப் புரதம் இருப்பதில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டவர் லூயி மில்லர். டஃபி இல்லாத சிவப்பணுவுக்குள் நோலெசி நுழையாது என்று 1975-இலும், டஃபி இல்லாத தன்னார்வலர்களுக்கு வைவாக்ஸ் தொற்றாது என்று அடுத்த ஆண்டிலும் அவர் குழு காட்டியது. காரணமான மரபணு மாற்றம் 1995-இல் வெளியானது. அது டஃபி மரபணுவின் இயக்குப் பகுதியில் உள்ள ஒற்றை எழுத்து மாற்றம். இதனால் மற்றத் திசுக்களில் டஃபி வழக்கம்போல் உருவாகிறது. சிவப்பணுவில் மட்டும் உருவாவதில்லை. மனித மரபணுத் தொகுப்பில் மலேரியா விட்டுச்சென்ற தடங்களில் இதைவிடச் சுத்தமானது வேறொன்றைச் சொல்வது கடினம்.

ஒட்டுண்ணியின் பக்கம் டஃபியைப் பிடிப்பது வைவாக்ஸின் டஃபி பிணைப்புப் புரதம். அதன் எந்தப் பகுதி பிடிக்கிறது என்பதை 1994-இல் சேத்தன் சிட்னிஸும் மில்லரும் வரையறுத்தனர். ஃபால்சிபாரத்தில் அதன் உறவினரான இபிஏ-175 சிவப்பணுவின் கிளைக்கோஃபோரின்-ஏ புரதத்தையும் அதன்மேல் உள்ள சியாலிக் அமிலத்தையும் பிடிக்கிறது. இபிஏ-140 கிளைக்கோஃபோரின்-சி-யைப் பிடிக்கிறது, இபிஎல்-1 கிளைக்கோஃபோரின்-பி-யை. இவையெல்லாம் மைக்ரோனீமில் இருப்பவை. ஆர்எச் என்ற இன்னொரு குடும்பமும் உண்டு. அதில் ஆர்எச்-4, நிரப்புப் புரத ஏற்பி-1-ஐப் பற்றுகிறது. வைவாக்ஸிலும் இதற்கு இணையான குடும்பம் உள்ளது. அதில் ஒன்று, சிவப்பணுக்களில் இளமையானவற்றில் மட்டும் காணப்படும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பிடிக்கிறது என்று 2018-இல் காட்டப்பட்டது. வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களையே நாடுவதற்கு இது ஒரு நேரான விளக்கம்.

ஃபால்சிபாரத்தில் இப்புரதங்கள் ஒன்றுக்கொன்று மாற்றாள்கள். இபிஏ-175 மரபணுவை நீக்கினாலும் ஒட்டுண்ணி சாவதில்லை. சியாலிக் அமிலத்தை நொதியால் அகற்றினால் சில இனவகைகள் தடுமாறுகின்றன. வேறு சில, ஆர்எச்-4 உற்பத்தியைக் கூட்டிக்கொண்டு வேறு ஏற்பி வழியே நுழைகின்றன. 1980-களிலும் 90-களிலும் ஆய்வுக்கூடங்கள் ஏற்பிகளைத் தேடிப் பட்டியலை நீட்டின. அது பயனற்ற வேலை அல்ல. ஆனாலும் ஒரு ஏற்பியை அடைத்தால் ஒட்டுண்ணி இன்னொன்றுக்கு மாறிவிடும் என்பதே அப்பட்டியல் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. தடுப்பூசிக்கு இலக்கு தேடியவர்களுக்கு அது சோர்வூட்டும் செய்தியாகத்தான் இருந்தது.

இப்புரதங்களின் பணி பிடித்துக்கொள்வது மட்டுமா என்பதும் பின்னர் கேள்விக்குள்ளானது. இவை பற்றும்போது சிவப்பணுவின் சவ்வு வலுவாக நெளிந்து ஒட்டுண்ணியைச் சுற்றி அரைகுறையாகப் போர்த்துகிறது. சவ்வின் விறைப்பு கூடினால் இது நடப்பதில்லை. கென்யாவின் கிலிஃபி பகுதியில் டான்டு என்ற அரிய இரத்தவகை உடையவர்களை ஆராய்ந்த குழு 2020-இல் இதைக் காட்டியது. டான்டுவில் இரண்டு கிளைக்கோஃபோரின் மரபணுக்கள் கலந்து கலப்புப் புரதம் உண்டாகிறது. சவ்வின் இழுவிசை உயர்கிறது. ஒரு வரம்புக்கு மேல் விறைத்த சிவப்பணுவுக்குள் ஃபால்சிபாரம் நுழைவதில்லை. இங்கு ஏற்பி இருக்கிறது, பிடிக்கும் புரதமும் இருக்கிறது. சவ்வு மட்டும் வளைந்து கொடுப்பதில்லை.

மாற்றாள் இல்லாத புரதம் ஒன்று ஆர்எச் குடும்பத்திலேயே கிடைத்தது. மற்றவற்றைவிடச் சிறியதான ஆர்எச்-5-இன் மரபணுவை நீக்கும் முயற்சிகள் தோற்றன. அது இல்லாமல் ஒட்டுண்ணி வாழாது. 2011-இல் செசில் குரோனியே, கேவின் ரைட் முதலியோர், ஆர்எச்-5 பற்றுவது பேசிஜின் என்ற சிவப்பணுப் புரதத்தை என்று வெளியிட்டனர். சோதிக்கப்பட்ட ஒட்டுண்ணி இனவகைகள் எல்லாவற்றுக்கும் இந்த இணைப்பு தேவைப்பட்டது. பேசிஜினை எதிர்ப்பொருளால் மறைத்தால் நுழைவு நிற்கிறது. ஆர்எச்-5-க்குச் சவ்வில் பதியும் வேர் கிடையாது. ரிப்ர், சைர்பா என்ற இரு துணைப் புரதங்களோடு சேர்ந்து, டிராம்ப், சிஎஸ்எஸ் என்ற மேலும் இரண்டின் வழியாக அது ஒட்டுண்ணியின் மேற்பரப்போடு இணைகிறது. இந்த ஐந்தின் கூட்டு 2022-இல்தான் முழுமையாகத் தெரிந்தது. கூட்டு செயல்பட்டதும் ஒட்டுண்ணியும் சிவப்பணுவும் தொடும் இடத்தில் ஒரு கால்சியம் மின்னல் தெரிகிறது. ஆர்எச்-5-ஐத் தடுத்தால் சவ்வு நெளிகிறது, மின்னல் வருவதில்லை, நுழைவும் நடப்பதில்லை. எந்தக் குரங்கினத்தை எந்த ஒட்டுண்ணி தாக்கும் என்பதிலும் இதற்குப் பங்குண்டு. ஃபால்சிபாரத்தின் ஆர்எச்-5 மனிதப் பேசிஜினை நன்றாகப் பற்றுகிறது. சிம்பன்சியின் பேசிஜினை அவ்வளவாகப் பற்றுவதில்லை.

இனி வருவது இந்த ஒட்டுண்ணிகளின் தனித்தன்மை வெளிப்படும் கட்டம். ராப்ட்ரியின் கழுத்திலிருந்து ரான் புரதங்கள் வெளியேறி விருந்தோம்பி செல்லின் சவ்வுக்குள்ளும் அதைத் தாண்டியும் செலுத்தப்படுகின்றன. ரான்-2 சவ்வை ஊடுருவி நிற்கிறது. ரான்-4, ரான்-5 ஆகியவை சவ்வின் உட்புறத்தில் அதோடு சேர்ந்து, விருந்தோம்பி செல்லின் சட்டகத்தோடு பிணைகின்றன. டாக்சோபிளாஸ்மாவில் ரான்-8-உம் இதில் சேரும். ரான்-2-இன் ஒரு துண்டு சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மைக்ரோனீமிலிருந்து ஏற்கெனவே வெளிவந்து ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் காத்திருக்கும் ஏஎம்ஏ-1 அந்தத் துண்டைப் பற்றிக்கொள்கிறது. பிடிப்பவரும் ஒட்டுண்ணி; பிடிக்கப்படுவதும் ஒட்டுண்ணியின் புரதமே. செங்குத்துச் சுவரில் தானே முளையடித்து, அந்த முளையைப் பிடித்து ஏறுபவரின் வேலை இது. ஐகாவா கண்ட வளையம் இந்த இணைப்புகளால் ஆனது என்பது 2005-இல் டாக்சோபிளாஸ்மாவில் ரான் புரதங்கள் கண்டறியப்பட்டபோது துலங்கத் தொடங்கியது. 2011-இல் ரான்-2 துண்டு ஏஎம்ஏ-1-இன் மேற்புறப் பள்ளத்துக்குள் பொருந்தியிருக்கும் படிக அமைப்பு வெளியானதும் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது.

ஏற்பியைத் தானே கொண்டுவருவதால் கிடைக்கும் ஆதாயம் டாக்சோபிளாஸ்மாவில் நன்றாகத் தெரிகிறது. வெப்ப இரத்த விலங்குகளின் உட்கரு உள்ள செல் எதற்குள்ளும் அது நுழைகிறது. குறிப்பிட்ட ஒரு ஏற்பிக்காகக் காத்திருப்பதில்லை. நோலெசியில் பழைய கண்டுபிடிப்பு ஒன்றும் இதனால் பொருள் பெறுகிறது. டஃபி இல்லாத சிவப்பணுவில் அது ஒட்டுகிறது, முனையைத் திருப்புகிறது. ஆனால் சந்தியை உண்டாக்குவதில்லை என்று 1979-இலேயே தெரிந்திருந்தது. ஏற்பியைப் பற்றிய செய்தி கிடைத்த பிறகுதான் ராப்ட்ரி திறக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

ஏஎம்ஏ-1 பற்றி ஒரு சர்ச்சையும் எழுந்தது. அதை நீக்கிய டாக்சோபிளாஸ்மா சிரமத்தோடு நுழைகிறது என்றும், நகரும் சந்தியும் உருவாகிறது என்றும் 2013-இல் ஒரு குழு அறிவித்தது. அப்படியானால் ஏஎம்ஏ-1 ஒட்டுதலுக்கு மட்டுமே உதவுவதா என்ற கேள்வி வந்தது. அடுத்த ஆண்டே, டாக்சோபிளாஸ்மாவின் மரபணுத் தொகுப்பில் ஏஎம்ஏ-1-க்கு உறவினர்கள் இருப்பதும், மூலப்பிரதி இல்லாதபோது அவை அந்த இடத்துக்கு வருவதும் காட்டப்பட்டது. ஃபால்சிபாரத்தில் ஏஎம்ஏ-1, ரான்-2 பிடிப்பைத் தடுக்கும் ஆர்-1 என்ற சிறு பெப்டைடைச் சேர்த்தால், ஒட்டுண்ணி ஒட்டிக்கொண்டே உள்ளே போகாமல் நிற்கிறது. கால்சியம் மின்னலும் சிவப்பணுவின் சுருங்கலும் நடந்தேறுகின்றன. நுழைவு மட்டும் இல்லை. எந்தப் படி எதற்குப் பின் என்பதை நிறுவுவதில் இவ்வகைத் தடுப்புச் சோதனைகளைவிடப் பயனுள்ளவை சிலவே.

சந்தி கிடைத்த பிறகு தேவைப்படுவது விசை. ஒட்டுண்ணியின் வெளிச்சவ்வுக்கும் அதற்குக் கீழுள்ள உட்சவ்வுத் தொகுதிக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளியில் மையோசின்-ஏ மோட்டார் இருக்கிறது. ஜிஏபி-45, ஜிஏபி-50 முதலிய புரதங்கள் அதை உட்சவ்வில் நங்கூரமிடுகின்றன. மையோசின், ஆக்டின் இழையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. இழையோடு பிணைந்த மேற்பரப்புப் புரதங்கள் பின்னே நகர, ஒட்டுண்ணி முன்னே நகர்கிறது. இழையை மேற்பரப்புப் புரதங்களோடு இணைப்பது ஆல்டோலேஸ் என்ற நொதி என்று ஒரு காலத்தில் பாடநூல்களில் எழுதப்பட்டது. 2016-இல் ஜிஏசி என்ற வேறொரு இணைப்புப் புரதம் அந்த இடத்துக்கு வந்தது. இதைவிடப் பெரிய அதிர்ச்சி 2013-இல் நேர்ந்தது: மையோசின்-ஏ இல்லாத டாக்சோபிளாஸ்மாவும் குறைந்த திறனோடு நுழைந்தது. வேறு மையோசின்கள் ஈடுகட்டுகின்றன என்பது ஒரு விளக்கம். மோட்டாரின் பங்கு மறுக்கப்படவில்லை. அது ஒன்றே விசைக்கு மூலம் என்ற உறுதிதான் தளர்ந்தது.

உள்ளே போகும் ஒட்டுண்ணி தன் வெளி உடைகளைக் கழற்றிவிடுகிறது. சப்-2, ரோம்-4 என்ற வெட்டு நொதிகள் மேற்பரப்புப் புரதங்களைச் சவ்வருகே நறுக்கி உதிர்க்கின்றன. எம்எஸ்பி-1-இல் மிஞ்சுவது அதன் கடைசித் துண்டு மட்டும். அது ஒட்டுண்ணியோடு உள்ளே செல்கிறது. உதிர்ந்த துண்டுகளில் சில, இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களைத் தம்மோடு இழுத்துக்கொண்டு போவதும் ஒட்டுண்ணிக்கு ஆதாயம். இதற்கிடையே நகரும் சந்தி ஒரு வடிகட்டியாகவும் வேலை செய்கிறது. விருந்தோம்பியின் சவ்வு உள்ளே வழிய விடப்படுகிறது. அதில் பதிந்த புரதங்களில் பல வெளியே நிறுத்தப்படுகின்றன. இதனால் டாக்சோபிளாஸ்மாவைச் சூழும் குமிழ், விருந்தோம்பி செல் தன் லைசோசோம்களை அனுப்புவதற்கான அடையாளங்களை இழந்துவிடுகிறது. சந்தி வால்முனையில் மூடியதும் சிவப்பணு முள்முள்ளாகச் சுருங்கி, சில நிமிடங்களில் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது.

டாக்சோபிளாஸ்மா இத்தோடு நிற்பதில்லை. ராப்ட்ரியின் குமிழ்ப் பகுதியிலிருந்து ராப் புரதங்களை விருந்தோம்பியின் சைட்டோபிளாசத்துக்குள் செலுத்துகிறது. ராப்-16 உட்கருவுக்குச் சென்று ஸ்டாட்-3, ஸ்டாட்-6 என்ற புரதங்களை முடுக்கி, செல்லின் தற்காப்பு மரபணுக்களைத் தன் வசத்துக்குத் திருப்புகிறது. ராப்-18, ராப்-5 ஆகியவை, ஒட்டுண்ணியின் குமிழை உடைக்க வரும் எலியின் ஐஆர்ஜி புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. எலிகளில் கொடிய இனவகைக்கும் சாதுவான இனவகைக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த இரண்டின் மரபணு வேறுபாடே.

மலேரியா ஒட்டுண்ணிக்கு இன்னொரு நுழைவும் உண்டு. கொசு செலுத்தும் ஸ்போரோசோயிட்டு தோலிலிருந்து இரத்தத்துக்கும், அங்கிருந்து கல்லீரலுக்கும் போகிறது. வழியில் பல செல்களைத் துளைத்துக் கடக்கிறது. அதன் உடல் முழுதையும் சிஎஸ்பி என்ற புரதம் போர்த்தியிருக்கிறது. கல்லீரல் செல்களின் சல்ஃபேட் மிகுந்த சர்க்கரைச் சங்கிலிகளைத் தொட்டதும் சிஎஸ்பி வெட்டப்படுகிறது. கடந்து செல்லும் ஒட்டுண்ணி நுழையும் ஒட்டுண்ணியாக மாறுகிறது. டிராப் என்ற மைக்ரோனீம் புரதம் இல்லாத ஸ்போரோசோயிட்டால் வழுக்கி நகரவும் முடியாது, தொற்றவும் முடியாது என்று 1997-இல் எலி மலேரியாவில் காட்டப்பட்டது. ஃபால்சிபாரத்துக்குக் கல்லீரல் செல்லின் சிடி-81 என்ற புரதம் தேவை.

தடுப்பூசித் துறையில் முதலில் வென்றது இந்தக் கல்லீரல் பருவத்துப் புரதமே. சிஎஸ்பி-யை அடிப்படையாகக் கொண்ட ஆர்டிஎஸ்-எஸ் தடுப்பூசியை உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் பரிந்துரைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் ஆர்-21 தடுப்பூசி 2023 அக்டோபரில் அதைத் தொடர்ந்தது. ஸ்போரோசோயிட்டுகள் எண்ணிக்கையில் சில நூறுதான். அவை கல்லீரலை அடையப் பல நிமிடங்கள் ஆகின்றன. எதிர்ப்பொருளுக்கு அவகாசம் இருக்கிறது.

மீரோசோயிட்டிடம் அந்த அவகாசம் இல்லை, எண்ணிக்கையோ கோடிகளில். ஏஎம்ஏ-1 ஒரு காலத்தில் முன்னணி இலக்கு. மாலி நாட்டுக் குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வெளியானது. தடுப்பூசியில் இருந்த இனவகையை ஒத்த ஒட்டுண்ணிகளுக்கு எதிராகச் செயல்திறன் 64 சதவீதம். எல்லா இனவகைகளையும் சேர்த்துப் பார்த்தால் பாதுகாப்பு மிகச் சொற்பம். ஏஎம்ஏ-1-இன் பள்ளத்தைச் சுற்றியுள்ள பகுதி இனவகைக்கு இனவகை மாறுகிறது. எதிர்ப்பொருள்கள் அந்த மாறும் பகுதியையே பிடித்தன. பள்ளமே மாறாமல் இருந்தாலும் எதிர்ப்பொருளின் பார்வைக்கு அது எட்டவில்லை. ஏஎம்ஏ-1-ஐத் தனியே கொடுக்காமல் ரான்-2 துண்டோடு இணைத்துக் கொடுக்கும் முயற்சி விலங்குச் சோதனைகளில் இதைவிட நல்ல பலன் காட்டியது.

இலக்கு மாறாதது, மாற்றாள் இல்லாதது என்ற இரு நிபந்தனைகளையும் சேர்த்து வைத்தால் மிஞ்சுவது ஆர்எச்-5. அதன் வடிவத்தில் இனவகை வேறுபாடு மிகக் குறைவு. இயற்கைத் தொற்றில் உடல் அதற்கு எதிராக அதிகம் எதிர்ப்பொருள் உண்டாக்குவதும் இல்லை. அது வெளியே தெரியும் நேரம் அவ்வளவு சொற்பம். ஆகவே தடுப்பூசியால் மிக உயர்ந்த அளவு எதிர்ப்பொருளை முன்கூட்டியே இரத்தத்தில் தயாராக வைக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் சைமன் டிரேப்பர் குழு வடிவமைத்த ஆர்எச்-5 தடுப்பூசி புர்கினா ஃபாசோவில் சிறு குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, மலேரியா நோயைக் குறைத்தது. இரத்தப் பருவ மலேரியாத் தடுப்பூசிகளில் இப்படியொரு பலன் அரிது. வைவாக்ஸின் டஃபி பிணைப்புப் புரதத்தைக் கொண்ட தடுப்பூசியும், கட்டுப்படுத்தப்பட்ட தொற்றுச் சோதனையில் தன்னார்வலர்களின் இரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகும் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கியது. ஆனால் மடகாஸ்கரிலும் எத்தியோப்பியாவிலும் டஃபி இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் காணப்பட்டிருக்கிறது. டஃபி வழியை மட்டும் அடைக்கும் தடுப்பூசி அங்கே எவ்வளவு தூரம் உதவும் என்பது, அந்த ஒட்டுண்ணி எந்த வழியே நுழைகிறது என்பதைப் பொறுத்தது.